சூடு போட்ட பேரி

ஆம்பூர் அப்துல் சமத் சாயபு வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து மூன்று பேரிக் கன்றுகள் ரயிலில் வந்து இறங்கியபோது, அவை உயிரோடு இருக்கின்றனவா செத்துவிட்டனவா என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் ஜார்ஜுக்கு டெல்லியில் பட்டாபிஷேகம் முடிந்த கையோடு வந்த தை மாதம் அது. கோணியில் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் ஓர் இலை இல்லை. மூன்று குச்சி, அடியில் கொஞ்சம் வேர், அவ்வளவுதான். குளிர்ச் சீமை மரங்கள் பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், வெயில் வந்தால் தாமாக விழித்துக்கொள்ளும் என்ற சங்கதியெல்லாம் பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு எங்கே தெரியப்போகிறது? இப்படி மொட்டையாக இருப்பதற்கு இங்கே ஒரே பெயர்தான், விறகு.

கன்றுகளை ஆசைப்பட்டு வரவழைத்தது சாயபுவின் மனைவி முனவ்வர் பேகம். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாத கோஷா வீட்டுப் பெண். அவளுக்கு உலகம் என்பது பின்கட்டுத் தோட்டம். இரண்டு ஆள் உயர மதில், உள்ளே ரோஜா, மருதோன்றி, மாதுளை, செங்கல் பாவிய நடைபாதை, நடுவில் மீன் விட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி. தம் தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம் அந்த மதிலைத் தாண்டி உள்ளே வராது என்று சாயபு பெருமையாகச் சொல்வார். வராமல் என்ன, பேஷாக வரும். அவர் மூக்கு செத்துப்போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹுக்குப் போன இடத்தில் பேகம் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டாள். தின்னக் காய் தராத பேரி, பூவுக்கென்றே வைக்கிற ஜாதி, இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூத்து நின்றதாம். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. இப்போது வந்து சேர்ந்த குச்சிகளைப் பார்த்ததும் அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயபு ஒரு குச்சியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

“காஞ்சி போச்சு. அதனால இன்னா? காஞ்ச தோலையே எழுப்புறவன் நம்மகிட்ட இருக்கான். பெருமாள்கிட்ட குடுங்க, எழுப்பிடுவான்.”

பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தோல்காரர் வீட்டில் முதலாளியின் விளையாட்டுப் பேச்சுகூட வேலையாக முடிந்துவிடும்.

பெருமாள் அவருடைய தோல்ஷாப்பில் ஊறல் தொட்டிக்காரன். எங்கெங்கிருந்தோ பலகை மாதிரி விறைத்து வரும் தோல்கள் முதலில் அவன் கைக்குத்தான் வரும். தொட்டியில் போட்டு, புரட்டி, மிதித்து, மூன்றாம் நாள் வெளியே எடுத்தால் அன்று காலையில்தான் உரித்தது போல மெத்தென்று தொங்கும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரே ‘எழுப்புவது’. பெருமாள் ஒரு தொட்டியை மட்டும் எப்போதும் முழுக்க இறைக்க மாட்டான். முழங்கால் அளவு பழைய தண்ணீரை விட்டுவைத்து அதன் மேல்தான் புதுத் தண்ணீர் விடுவான். பழந்தண்ணிதான் தோலுக்கு ஞாபகத்தைக் கொண்டுவரும் என்பது அவன் கணக்கு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் வேறு எந்தத் தொட்டியிலும் எழாத தோலை அவனிடம்தான் கொண்டுவருவார்கள்.

இரண்டு கன்றுகளை அவன் புதுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தான். மூன்றாவதற்கு அங்கே இடமில்லை. அதைப் பழந்தண்ணித் தொட்டியில் செருகினான்.

அந்தத் தொட்டியில் அன்று வேறொன்றும் ஊறிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

பெருமாளின் மனைவி தேவகி குடியாத்தத்துக்காரி. கல்யாணமாகி வரும்போது சீராக ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பு நிறம், பெயர் சிட்டு. வரும் முன்பே தொண்டை வீங்கிச் சாகக் கிடந்து, தேவகியின் அப்பா இரும்பைக் காய்ச்சி இடது விலாவில் மூன்று கோடு சூடு போட்டுப் பிழைக்க வைத்த உயிர் அது. தேவகிக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருஷம் அந்த வீட்டில் “சாப்டியா” என்று கேட்கப்பட்டது முதலில் சிட்டுவிடம்தான், பிறகுதான் பெருமாளிடம். அவன் அதற்காக வருத்தப்பட்டவன் இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்தது. வைக்கோல் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. பால் வற்றி, விலா எலும்பை எண்ணலாம் என்கிற நிலைமைக்கு மாடு வந்தபோது, பட்டினி போட்டுச் சாகடிப்பதைவிட விற்றுவிடலாம் என்று பெருமாள் சந்தைக்கு ஓட்டிப் போனான். அந்த எலும்புக்கூட்டை விலைக்குக் கேட்டவன் கசாப்புத் தரகன் ஒருவன்தான். பெருமாள் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து, “காவேரிப்பாக்கத்து விவசாயி ஒருத்தர் வாங்கிட்டுப் போய்ட்டாரு” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய்யை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடுவான். விவசாயிக்குக் கோதண்டராமன் என்று பெயர் வைத்தான். ஏரிக்கரையில் வீடு கட்டிக் கொடுத்தான். முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்த்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இரண்டு பெண் பிள்ளைகளையும் பெற்றுக் கொடுத்தான். தேவகி அழுதபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், அந்தப் பெண் பிள்ளைகள் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் தோல்ஷாப்புக்கு வந்த வண்டியில், ஈரத் தோல்களுக்கு நடுவே, மூன்று கோடு போட்ட கறுப்புத் தோல் ஒன்று இருந்தது. பெருமாள் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதபடி, தன் கையாலேயே பழந்தண்ணித் தொட்டியில் இறக்கினான். அன்று சாயங்காலம்தான் பேரிக் கன்றுகள் வந்தன.

இரண்டு கன்றுகள் செத்தவை செத்தவையாகவே கிடந்தன. மூன்றாவது எட்டாம் நாள் துளிர்த்தது.

பேகத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. பெருமாளைத் தொட்டி வேலையிலிருந்து எடுத்துத் தோட்டத்துக்கே போட்டுவிடச் சொன்னாள். விடியற்காலையில் ஒரு நாழிகை, சாயங்காலம் ஒரு நாழிகை, பெண்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் அவன் தோட்டத்துக்குள் வரலாம். வேலைக்காரி ஹலீமா பீ கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். சுண்ணாம்பும் உப்பும் தின்று வெந்துபோயிருந்த விரல்களில் புதுத் தோல் வளர்ந்தது. பெருமாளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதென்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

பேரி வளர்ந்தது. இரண்டாம் வருஷத்தில் அவன் தலைக்கு மேல் போய்விட்டது. இலைகள் எண்ணெய் தடவினாற்போலப் பளபளத்தன. ஒரு நாள் விடியற்காலையில் அவன் அடியில் மண் அணைத்துக்கொண்டிருந்தபோது தண்டின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் பட்டை சிலிர்த்தது. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் தோல் மட்டும் தனியாக நடுங்கி அதை விரட்டுமே, அப்படி. ஈ பறந்தது. பெருமாள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தான். காற்று இல்லை. பக்கத்து ரோஜா அசையவில்லை. இன்னொரு ஈ வந்தது. பட்டை இன்னொரு முறை நடுங்கியது.

கையை வைத்துப் பார்த்தான். பனி இறங்கும் நேரத்தில் மரம் சுட்டது.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. மரம் மேற்கு மதில் பக்கமாகச் சாய்ந்தது. அவன் கழி நட்டு நிமிர்த்திக் கட்டுவான், மறுநாள் கயிறு இறுகி மறுபடி சாய்ந்திருக்கும். மேற்கே மதிலுக்கு அப்பால் மூன்று தெரு தள்ளி இருந்தது பெருமாளின் வீடு. பொழுது சாய்கிற வேளையில், முன்பு தேவகி பால் கறக்கச் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போன அதே நேரத்தில், காற்றே இல்லாமல் இலைகள் சலசலக்கும். மூன்றாம் வருஷம் தையில் பட்டை உரிந்தபோது, தண்டின் இடது பக்கத்தில் மூன்று கோடுகள் தெரிந்தன. விரல் நீளம், தடித்து, பளபளவென்று, ஆறிய தழும்பு போல.

பெருமாள் பயந்துபோனான். மரத்துக்குப் பயந்தானா என்றால், அது கொஞ்சம்தான். தேவகிக்குப் பயந்தான். தினம் சோறு போடும்போது அவள் காவேரிப்பாக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தையாவது பேசாமல் இருக்க மாட்டாள். இந்நேரம் கன்று போட்டிருக்கும் என்பாள். ஏரி நிரம்பியிருக்குமா என்பாள். அந்தப் புல்வெளி போனால் அவளிடம் வேறு ஒன்றும் மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். செம்மண்ணையும் சாணியையும் குழைத்துத் தண்டு முழுக்க அப்பினான். ஹலீமா பீ ஏன் என்று கேட்டதற்கு, “எறும்பு ஜாஸ்தியா கீது” என்றான். அவன் கை பட்ட இடமெல்லாம் பட்டை சிலிர்த்துச் சிலிர்த்து ஒதுங்கியது.

நாலு வருஷமாகியும் மரம் பூக்கவில்லை. பேகம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் ஹலீமா பீ கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“பெருமாளு, உன் வூட்டுக்காரிக்கு நல்ல கைராசியாமே. அது தொட்டா காஞ்ச பூசணிகூட காய்க்குமாம். அதை அனுப்பு. பொம்பளை வந்து தண்ணி ஊத்தினா அம்மாவும் மரத்தாண்டயே உக்காந்துக்கலாம், உள்ள ஓட வேணாம்.”

“அதுக்கு ஒடம்பு சரியில்ல பீ.”

அடுத்த வாரம் தேவகிக்கு இடுப்பு வலி. அதற்கடுத்த வாரம் குடியாத்தத்தில் சாவு. இப்படி ஒரு மாதம் ஓட்டினான். ஆனால் ஹலீமா பீ கடைத்தெருவுக்குப் போகிறவள். தேவகியும் கடைத்தெருவுக்குப் போகிறவள். இரண்டு பெண்கள் கீரைக்காரி முன்னால் சந்தித்துக்கொள்வதை எந்தப் பெருமாளால் தடுக்க முடியும்?

சித்திரை மாதம். கல் பிளக்கும் வெயில். சாயங்காலம் பெருமாள் தோட்டக் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. உள்ளே பேகம் இருக்கிறாள், கொஞ்சம் நில் என்றது ஹலீமா பீயின் குரல். கதவோரம் நின்றான். உள்ளே அவனுக்குத் தெரிந்த ஒரு குரல் கேட்டது.

“இன்னாடி இது, இப்புடி அப்பி வெச்சிருக்கான். அரிக்காதா ஒனக்கு? இரு, இரு, கழுவி வுட்டுர்றேன்.”

தண்ணீர் ஊற்றும் ஓசை. தேங்காய் நார் தேய்க்கும் ஓசை. பிறகு நார் தேய்ப்பது பாதியில் நின்றது. பெருமாள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் தேவகி நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் போட்டாள். கொட்டகையில் மாட்டை அருகே அழைக்கப் போடுகிற சத்தம். அதற்குப் பதிலாக மரத்தின் கிளைகள் முறுக்கிக்கொள்ளும் ஓசை கேட்டது. பேகம் “யா அல்லா” என்று கத்தினாள். ஹலீமா பீ கத்தினாள். பெருமாள் கதவை முட்டித் தள்ளப் போகும் சமயத்தில் உள்ளே சிரிப்புக் கேட்டது. மரம் பூத்துவிட்டதாம். அவர்கள் கண் முன்னால், கிளைக்குக் கிளை, தண்டோடு ஒட்டிக்கொண்டுகூட.

தேவகி வெளியே வந்தபோது அவள் தோளிலும் தலையிலும் வெள்ளை இதழ்கள் ஒட்டியிருந்தன. வீடு வரையில் அவற்றைத் தட்டிவிடாமலே நடந்தாள். வாசல்படி ஏறும்போது சொன்னாள்.

“கறந்த பால் வாசனை அந்தப் பூவுக்கு.”

அவ்வளவுதான். அழவில்லை, கேட்கவில்லை. சோறு போட்டாள். காவேரிப்பாக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பெருமாள் அந்த வார்த்தைக்காகக் காத்துக் காத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். தேவகி தினமும் தோட்டத்துக்குப் போனாள். அவள் போன நாளெல்லாம் மரம் பூத்தது. கத்திரி வெயிலில் பூத்தது, ஐப்பசி அடைமழையில் பூத்தது. மரத்துக்கு இது பருவமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பேகத்துக்குப் பூ வந்தால் சரி. பெருமாளைப் பேகம் வெளி மதிலோரத்து வேலைக்கு மாற்றிவிட்டாள், அவன் பக்கத்தில் போனால் பூ கொட்டிவிடுகிறதாம்.

ஒரு நாள் அவனால் தாங்க முடியவில்லை.

“தேவகி, சிட்டுவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“சொல்லாத,” என்றாள். “அது எல்லாம் சொல்லிடுச்சி. உன் வாயால வேற கேக்கணுமா?”

அவன் மனசு அன்று உடைந்தது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த தையில் பெங்களூரிலிருந்து மறுபடி கோணிக் கட்டு வந்தது. இந்த முறை ஆறு கன்றுகள். நடைபாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக வைக்க வேண்டுமென்பது பேகத்தின் ஆசை. சாயபு தோல்ஷாப்புக்குப் பெருமாளைக் கூப்பிட்டனுப்பினார். ஹலீமா பீயும் தேவகியும் ஆளுக்கு மூன்று கன்றாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் தேவகி தோல்ஷாப்புக்குள் கால் வைத்தது அன்றுதான்.

“மொதல்ல இன்னா பண்ணினியோ அதையே பண்ணு பெருமாளு,” என்றார் சாயபு. “ஒண்ணுகூட கம்மியா பண்ணாத. அந்தத் தொட்டியிலயே வை. நல்ல நாட்டுத் தோலா பத்து இப்பதான் அதுல எறக்கியிருக்கு, தண்ணி நல்லா வேலை செய்யும்.” சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போனார்.

தேவகி தொட்டி விளிம்புக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். பழுப்புத் தண்ணீரில் செவலை, மயிலை, வெள்ளை, புள்ளி என்று தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்தன. ஓரத்தில் ஒன்று மெல்ல அசைந்து அடங்கியது. அடியில் காற்று இருந்தால் அப்படித்தான் அசையும் என்று பெருமாளுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். ஆனாலும் அவன் விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“இதுலதானா?”

“இதுலதான்,” என்றான். “என்னை மன்னிச்சிடு தேவகி.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முக்கால் வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். இல்லை. வேலைக்குப் புறப்பட்டவளின் அவசரம்தான் இருந்தது. கன்றுகளைக் கீழே வைத்தாள், ஆனால் அவன் கையில் கொடுக்கவில்லை.

“நம்முளுது சரி, அது என்கிட்ட வந்து சேந்துச்சி. இப்ப ஊறுறதெல்லாம் யார் யார் வூட்டுது?”

“தெரியாது.”

“பாத்துச் சொல்லு. சூடு இருக்கும், காதுல ஓட்டை இருக்கும், எதுனா அடையாளம் இருக்கும். அந்தந்த வூட்டுப் பொம்பளைக்குச் சொல்லியனுப்ப வேணாமா? அதுங்க எழுந்திரிச்சி அந்தத் தோட்டத்து மதிலாண்ட நின்னு அவங்களத் தேடும்ல?”

பெருமாள் தொட்டியைப் பார்த்தான். எத்தனை ஆயிரம் தோல்களை இந்தக் கையால் எழுப்பியிருக்கிறான், ஒன்றினுடைய வீடு எது என்று ஒருநாளும் அவனுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பழந்தண்ணிக்குள் இறங்கினான். கால் பட்டதும் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மேலே கிடந்த செவலைத் தோலை இரண்டு கையாலும் தூக்கி விளிம்பில் விரித்து, தேவகி பார்ப்பதற்காக ஈரத்தை வழித்துவிட்டான்.